ஒரு வாரத்தில் பழகிவிடும்

"மேற்படி நபர் டிமென்ஷியா என்னும் மூளைத் தேய்வு நோயால் பாதிக்கப்பட்டவர். காலம், இடம், ஆட்கள் ஆகியவற்றை அறியும் திறனையும் நினைவாற்றலையும் இழந்தவர். தாம் செய்தவற்றை நினைவுகூரவோ அவற்றுக்குப் பொறுப்பேற்கவோ இயலாதவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

இது அச்சடித்த படிவம். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டதால் யாருக்கும் பொருந்தாமல் போன வாசகம். கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. அவருடைய மனைவி அதை வாய்விட்டுப் படித்து முடித்ததும், காலத்தை அறியும் திறனை இழந்த மேற்படி நபர், "டாக்டர், இன்னிக்குப் பதினேழு இல்ல, பதினெட்டு" என்றார். டாக்டர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். தேதியைத் திருத்தினார். தேதியை மட்டும்தான் திருத்தினார்.

மேற்படி நபருக்கு மூக்குக் கண்ணாடி செய்வது தொழில். முப்பத்து நான்கு வருடம். ஒரு வங்கிக்கும் ஒரு டயர் கடைக்கும் நடுவில் விலாவை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் கடை. முன்னறையில் மனைவி உட்கார்ந்திருப்பாள்; பிரேமை எடுத்து முகத்தில் வைத்து, "உங்களுக்கு இதுதான் எடுப்பா இருக்கு" என்று எல்லா முகத்துக்கும் ஒரே நம்பிக்கையோடு சொல்வாள். நடு அறை மனைவியின் தம்பிக்கு. எழுத்து அட்டையைக் காட்டிப் பவர் அளப்பது அவன் வேலை. அதற்கும் பின்னால் குளியலறை அகலத்தில் ஒரு பட்டறை; அரைக்கும் இயந்திரம், லென்சின் பவரைச் சரிபார்க்கிற லென்சோமீட்டர், ஒரு முக்காலி. அளப்பது மச்சினன், செய்வது இவர், சிரிப்பது மனைவி. இந்த வேலைப் பிரிவினையில் இரண்டு குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

தெருவில் அவருக்கு 'டிகிரி' என்று பெயர். படித்து வாங்கியதல்ல. சில கண்களுக்கு வெறும் பவர் போதாது. கருவிழியின் வளைவு ஒரு வாட்டத்தில் கூடுதலாக இருக்கும். அதற்குச் சிலிண்டர் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தச் சிலிண்டரைக் குறித்த கோணத்தில் வைத்தால் மருந்து, கோணம் தப்பினால் தொல்லை. பத்து இருபது டிகிரி திரும்பிவிட்டால் தரை சாயும், கதவு நிலை வளையும், படிக்கட்டு ஒரு விரற்கடை கிட்டே வந்து நிற்கும். மற்ற கடைகளில் ஐந்து டிகிரியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் இரண்டு டிகிரிக்கே லென்சைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அரைப்பார்.

ஆட்களை அவர் டிகிரியாகத்தான் நினைவில் வைத்திருந்தார். ஒருநாள் சாலையில் ஒரு அம்மாள் வணக்கம் சொன்னார். இவர் விழித்தார். அந்த அம்மாள் தான் எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "அடடே, இடது கண்ணு நூத்தி அறுபதுதானே? எப்படியிருக்கீங்க?" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வாக்கியம் உண்டு. "ஒரு வாரம் போட்டுப் பாருங்க, பழகிடும்." புதுக் கண்ணாடி போட்டவர் தரை பள்ளமாகத் தெரிகிறது என்பார், தலை கனக்கிறது என்பார். உண்மையிலேயே ஒரு வாரத்தில் பழகிவிடும். பத்துக்கு ஒன்பது பேருக்கு அது சரியாகப் போவதால்தான் அந்த வாக்கியம் அத்தனை ஆபத்தானது. பழகியவர் திரும்பி வருவதில்லை. திரும்பி வராதவரைக் கடைக்காரர் திருப்தியடைந்தவராக எழுதிக்கொள்வார்.

அவருக்கு வந்தது முதலில் பயமாக வரவில்லை, எரிச்சலாக வந்தது. தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தார். மேசை அங்கே இல்லை. வைத்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. செய்தித்தாளில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதியில் அது மேல் வரிக்குத் தாவியது. வீட்டு வாசற்படியில் இறங்கும்போது கால் காற்றை மிதித்தது. அவர் செய்ததை வேறு தொழில்காரர் யாரும் செய்திருக்க மாட்டார். கண்ணாடி சரியில்லை என்று தீர்மானித்துத் தனக்குத் தானே புதுக் கண்ணாடி செய்துகொண்டார். அதுவும் சரிப்படவில்லை. இன்னொன்று செய்தார். எட்டு மாதத்தில் நான்கு. ஒவ்வொரு முறையும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்: ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நான்காவது கண்ணாடிக்கு முன்னால் மச்சினன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்து அட்டையைக் காட்டினான். இருப்பதிலேயே பெரிய எழுத்து, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிவது, மேலே தனியாக நின்றது. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். ஏதோ கோடு மாதிரி இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்றார். மச்சினன் கடைசி வரியைக் காட்டினான். எறும்பு எறும்பாக இருந்த ஐந்து எழுத்தையும் தடங்கலில்லாமல் படித்தார்.

"அத்தான், விளையாடாதீங்க. வெளிய ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

அட்டையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார் என்று நினைத்து வேறு அட்டையை மாட்டினான். அதிலும் அப்படியே. பெரியது தெரியவில்லை, சிறியது தெரிந்தது. உலகத்தில் எந்தக் கண்ணும் அப்படிப் பழுதாகாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் மச்சினன் அதை வேடிக்கை என்று வைத்துக்கொண்டான். இவர் சிரித்து அதற்கு ஒத்துழைத்தார். நாற்காலியிலிருந்து எழும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்றைக்குத்தான் எரிச்சல் போய்ப் பயம் வந்து உட்கார்ந்தது. வந்த பயம் மற்ற வாடிக்கையாளர்களைப் போல வேலை முடிந்ததும் எழுந்து போகவில்லை.

அவர் ஒளிக்கக் கற்றுக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரை எப்போதும் வலது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்தார். கண்ணால் தேடினால் கிடைக்காது, கையால் தடவினால் கிடைக்கும். ஒருமுறை அது இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டது. கால்மணி நேரம் தேடினார். மனைவி எட்டிப்பார்த்து, அவர் மூக்குக்கு நேராக இருந்ததை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். காரணம் கேட்காமல் போனது அவரை இன்னும் பயமுறுத்தியது.

பிறகு கண்ணாடிகள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு தையற்காரர் தைத்த கோடு கோணலாகத் தெரிகிறது என்றார். வங்கியில் வேலை செய்யும் பெண் மேசையிலிருந்து பேனா உருண்டு விழுந்துவிடும்போல இருக்கிறது என்றாள். இவர் அந்தக் கண்ணாடிகளை வாங்கி லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்தார். உள்ளே பச்சைக் கோடுகள் தெரியும். அவை நேராக, உடையாமல் நிற்கிற இடம்தான் சரியான கோணம். நேராகத்தான் தெரிந்தன. தப்பு செய்த கண்ணே தப்பைச் சரிபார்த்தது. சரி என்று சொன்னது. அவர் வெளியே வந்து, "பவர் கரெக்டா இருக்கு. ஒரு வாரம் போட்டுப் பாருங்க" என்றார். 'டிகிரி' சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் போய்விட்டார்கள். முப்பத்து நான்கு வருட நற்பெயர் இப்படித்தான் வேலை செய்தது.

அந்த வரிசையில் ஒரு பஸ் டிரைவரும் வந்தார். சாலை கொஞ்சம் வலது பக்கம் சரிகிற மாதிரி இருக்கிறது, மற்றபடி எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்று சொன்னார். அவருக்கும் அதே பதில். அந்த டிரைவர் திரும்பி வரவே இல்லை.

மனைவிதான் அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, முப்பது வயதுக்காரனுடைய கண் என்று பாராட்டினார்கள். கண்ணைப் பாராட்டினால் சந்தோஷப்பட வேண்டியவர் அவர்தான். வெளியே வந்து படிக்கட்டின் கைப்பிடியைத் தேடி இரண்டு முறை காற்றைப் பிடித்தார். கண் நன்றாக இருந்தால் கோளாறு எங்கே என்பதை அவர் அந்தப் படிக்கட்டிலேயே பாதி ஊகித்துவிட்டார்.

மூளை டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அரைமணி நேரம் கழித்துக் கேட்டபோது மூன்றையும் சொன்னார். டாக்டர் எதிர்பாராதபடி, அவற்றை டாக்டர் எந்த வரிசையில் சொல்லியிருந்தார் என்பதையும் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வரைந்ததை மச்சினன் பார்த்தான். வட்டத்துக்கு வெளியே எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. முட்கள் இரண்டும் எங்கோ தனியாகக் கிடந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதை வரைந்த கை வட்டமான பிரேமுக்குள் லென்சைப் பொருத்துகிற கை.

ஸ்கேன் வந்தபின் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோபி. மூன்று சொல்லையும் பிரித்துப் பொருள் சொன்னார். போஸ்டீரியர் என்றால் பின்பக்கம். கார்ட்டெக்ஸ் என்றால் மூளையின் மேல்தோல், புறணி. அட்ரோபி என்றால் சுருங்கித் தேய்வது. பின்மூளைப் புறணி நலிவு.

"புறணியா? எங்க தெருவுல அதுக்குக் குறைச்சலே இல்ல டாக்டர்," என்றான் மச்சினன். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் விளக்கினார். இது டிமென்ஷியாவில் ஒரு வகை. டிமென்ஷியா என்றதும் எல்லோரும் மறதி என்றுதான் நினைக்கிறார்கள். சொல்லின் பொருள் அதைவிடப் பெரியது. மூளை எந்தப் பக்கம் தேய்கிறதோ அந்தப் பக்கத்து வேலை போகும். மற்றவர்களுக்கு ஞாபகத்தில் தொடங்குவது இவருக்குப் பார்வையில் தொடங்கியிருக்கிறது. எது எங்கே, எவ்வளவு தூரம், எது நேர், எது சாய்வு என்று கணக்குப் போடுகிற இடம் தேய்கிறது. பெரிய எழுத்து தெரியாமல் சிறியது தெரிவதற்கும் இதுதான் காரணம். பெரியதை ஒரே பார்வையில் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஞாபகம் இப்போதைக்கு நன்றாகவே இருக்கும். பிற்பாடு அதுவும் போகலாம்.

"அதாவது லென்ஸ் சரி, பிரேமும் சரி. பாக்கற ஆளு கடையைச் சாத்திட்டுக் கிளம்பிட்டான். அதானே டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"கிட்டத்தட்ட அதான்."

"எவ்வளவு நாளா?"

டாக்டரிடம் இதுவரை எல்லோரும் இந்தக் கேள்வியை, இன்னும் எவ்வளவு நாள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இன்னும் சில வருடங்கள் நன்றாகவே போகும், மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"வரப்போறதைக் கேக்கல டாக்டர். போனதைக் கேக்கறேன். எப்ப ஆரம்பிச்சுது?"

ஒன்றரை வருடம் இருக்கலாம் என்றார் டாக்டர். அதற்குமேலும் இருக்கலாம்.

அவர் அழுதார். மனைவியும் மச்சினனும் அவர் தன்னை நினைத்து அழுகிறார் என்று எண்ணி ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தன்னை நினைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் தன் பட்டறையிலிருந்து வெளியே போன கண்ணாடிகள் ஊர் முழுக்க மூக்குகளின்மேல் உட்கார்ந்து மாடிப்படி இறங்கிக்கொண்டும், சாலையைக் கடந்துகொண்டும், ஒன்று பஸ் ஓட்டிக்கொண்டும் இருந்ததை நினைத்தார்.

வீட்டுக்குப் பஸ்ஸில்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று மனைவியிடம் கேட்டார். அவள் எட்டிப் பார்த்து, இல்லை என்றாள். ஒரு நிறுத்தம் வரை நிம்மதியாக இருந்தார். பிறகு, போட வேண்டியவராக இருந்து போடாமல் இருக்கிறாரோ என்று கேட்டார். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இறங்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக மனைவி பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

சான்றிதழை வாங்கச் சொன்னது மச்சினன். கடை உரிமம் அவர் பெயரில் இருந்தது. அதை அக்கா பெயருக்கு மாற்ற ஒரு மருத்துவச் சான்று வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன வாசகம் அப்படி வந்ததுதான். கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மச்சினன் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தான். அவன் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

கண்ணாடிகளைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டாம் என்றான். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது குறை என்று வருகிறவர்களுக்கு மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். வராதவர்களைத் தேடிப் போய்ச் சொல்வது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. கண்ணாடிக் கடையில் கண் தெரியாதவர் கண்ணாடி செய்தார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதற்குப் பிறகு ஈ கூட உள்ளே வராது.

"அப்படியே எவனாவது கேஸ் போட்டாலும், இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க அத்தான். பொறுப்பேற்க இயலாதவர். செஞ்சதே ஞாபகம் இல்லாத ஆளை யாரு என்ன கேக்க முடியும்?"

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே மாப்ள."

"இல்லன்னு முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க. நீங்க ஏன் நடுவுல?"

அவன் கெட்டவன் இல்லை. இரண்டு பிள்ளைகள், அளக்க மட்டும் தெரிந்த தொழில், நாளைக்குக் காலையில் திறந்தாக வேண்டிய ஒரு ஷட்டர். அவனுக்கும் பயம்தான். ஒரே அறையில் மூன்று பேர் மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். அவர் பயந்தது ஒரே ஒரு மனிதருக்காக. அந்த டிரைவர் ஏன் திரும்பி வரவில்லை? பழகிவிட்டதா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாரா, அல்லது வர முடியாமல் ஏதாவது ஆகிவிட்டதா? சொல்லாமல் இருந்தால் கடை பிழைக்கும். சொன்னால் அந்த ஆள் பிழைக்கலாம். ஆனால் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து இவர் கண்ணாடிக்காரர் இல்லை.

அந்த டிரைவர் எந்த டிப்போ என்று மட்டும் மனைவி கேட்டாள்; அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனார்கள். டிப்போ வாசலைத் தாண்டுவதற்குள் அவர் இரண்டு முறை நின்றுவிட்டார். மற்றவர்களுக்குப் பஸ் தூரத்தில் வரும், கிட்டே வரும், கடந்து போகும். அவருக்குப் பஸ் வருவதே இல்லை. இல்லாமல் இருந்த இடத்தில் திடீரென்று ஒரு சிவப்புச் சுவர் நிற்கும். அது நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. மனைவி கையை விடவில்லை. டைம் கீப்பர் அறையில் விசாரித்தபோது அந்த டிரைவர் வண்டியோடு போயிருப்பதாகவும் நாற்பது நிமிடத்தில் வருவார் என்றும் சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டார் டைம் கீப்பர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை அவர் விட்டுவிட்டார். "கண்ணாடி ரிப்பேர்" என்றார்.

டிரைவர் உயிரோடிருக்கிறார் என்பது தெரிந்தது. தெரிந்ததும் பயம் குறைய வேண்டும். குறையவில்லை, இப்போது அதற்கு ஒரு வழித்தடமும் நேரமும் கிடைத்துவிட்டது. நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. டைம் கீப்பர் இரண்டு முறை வெளியே வந்து சாலையைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கையால் அரைத்த இரண்டு வில்லைகள் இந்த நேரத்தில் எந்தத் திருப்பத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டார். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் வண்டி வந்தது. சாலையில் ஏதோ நெரிசலாம்.

"அவரு இறங்கி வர்றாரு," என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தலையைச் சாய்ச்சுக்கிட்டு வர்றாரு" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. வலது பக்கம் சரிகிற சாலையை அந்த மனிதர் ஐந்து மாதமாகத் தன் கழுத்தைக் கொண்டு நேர்ப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "என்ன சார், இவ்வளவு தூரம்? நீங்க சொன்ன மாதிரியே பழகிடுச்சு சார். ஒரு வாரம்தான்."

"கழுத்து வலிக்குதா?"

"ஆமா, இந்த சீட்டு சரியில்ல. களிம்பு தடவிட்டு இருக்கேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

"கண்ணாடியைக் கழட்டுங்க. நான் தப்பா செஞ்சிருக்கேன்."

டிரைவர் சிரித்தார். டிகிரி சாராவது, தப்பாகச் செய்வதாவது என்றார். இவர் சொன்னார். மூளையில் ஒரு நோய், எது நேர்க்கோடு எது சாய்கோடு என்று தனக்கே தெரிவதில்லை, அந்தக் கண்ணாடியைச் செய்தபோதே தெரியவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வேறு வாக்கியங்கள் வந்தன. டிரைவரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. போன மாதம் ஒரு திருப்பத்தில் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி கம்பத்தில் உரசி உடைந்ததை அவர் சொல்லவில்லை. அது பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்கு டிரைவர் டைம் கீப்பர் அறையைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"மெதுவா பேசுங்க சார். பத்து நிமிஷத்துல அடுத்த டிரிப். முடிச்சிட்டு சாயங்காலம் கடைக்கு வர்றேன், மாத்திக் குடுத்துடுங்க. நமக்குள்ளயே முடிச்சிக்கலாம்."

கண்ணாடியில்லாமல் டிரைவரால் ஓட்ட முடியாது. கண்ணாடியோடு ஓட்டக் கூடாது. சாயங்காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம்தான். ஐந்து மாதம் ஓடிவிட்டதில் ஆறு மணி நேரம் ஒரு பொருட்டா என்று கேட்கிற ஒரு குரல் இவருக்குள்ளும் இருந்தது. அது மச்சினன் குரலைவிட நயமாகப் பேசியது. அந்த வண்டியில் ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு ஆட்கள் தெரியவில்லை. தகரப் படியில் விழுந்த காலடிகள் கேட்டன. ஒரு குழந்தை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறியது. அதற்குப் பின்னால் கைத்தடி ஒன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தார். முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டார்.

மனைவியின் கையை விட்டுவிட்டு அவர் நடந்தார். டைம் கீப்பர் அறை எதிரில்தான் இருந்தது, இருபது அடி. தவறி ஒரு தூணுக்குப் போனார். தூணைத் தடவி, சுவரைத் தடவி, சன்னல் கம்பியைத் தடவி, கதவின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று முறை கையை வைத்தார். மூன்று முறையும் அது அங்கே இல்லை. உள்ளேயிருந்து டைம் கீப்பரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்பது டைம் கீப்பர்தானா என்று நிச்சயமில்லாமலே, எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை ரிப்பேர் என்று சொல்லவில்லை.

டிரைவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். மாற்று ஆள் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. முப்பத்தொரு பேரும் இறங்கி நின்று முணுமுணுத்தார்கள். நன்றி சொல்ல யாருக்கும் ஒன்றும் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். அவர் அருகில் வந்து நின்றார்.

"பதினாறு வருஷமா என் பேருல ஒரு புகார் கிடையாது சார். தப்பு செஞ்சது நீங்க. எழுதி வாங்கறது என்கிட்ட. நல்லா இருக்குல்ல?"

இவர் மன்னிப்பு கேட்டார், டிரைவர் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் இடது பக்கமாகப் பார்த்துக் கேட்டார். அந்தக் கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுவந்ததும் மச்சினன் அளந்து பார்த்தான். இரண்டு முறை அளந்தான். வலது கண் பதினெட்டு டிகிரி தப்பு.

ஒருவர் கிடைத்துவிட்டார். அது பயத்தைத் தீர்க்கவில்லை, பெருக்கியது. இப்போது அது ஊகம் இல்லை, அளந்து பார்த்த பதினெட்டு. யாருக்கு என்ன செய்தோம் என்று பார்க்கக் கடையின் பதிவேட்டைத் திறந்தார்கள். அவர் கையால் எழுதியது. ஒன்றரை வருடத்துக்கு முன்பிருந்தே வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொடிக்கயிற்றில் குவிந்த துணிபோலக் கிடந்தன. ஒரு பெயரும் ஒரு எண்ணும் தனியாக வரவில்லை. மூடி வைத்தான் மச்சினன். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி கூடத் தெரிந்தது.

மனைவி கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் அவருக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், வலது தொண்ணூற்றைந்து, இடது எண்பது. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், இடது மட்டும், நூற்று எழுபது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். டிகிரியைச் சொல்லுமுன் கண்ணைத் திறந்துவிட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் எங்கே நின்று வேலை செய்வார் என்று மூவருக்கும் தெரியும். "அவரை முதல்ல கூப்பிடு," என்றார்.

மச்சினன் நடு அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடை போய்விடும் அத்தான் என்று ஒருமுறை சொன்னான். முன்பு போலச் சொல்லவில்லை; தெரிந்த ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோலச் சொன்னான். இருபதாவது ஆளிடம் வந்தபோது போய் லென்சோமீட்டரைத் துடைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பதினொரு நாளில், ஒன்றரை ஆண்டில் தான் செய்திருந்த இருநூற்றுப் பதினான்கு சிலிண்டர் கண்ணாடிகளையும் ஆள், கண், டிகிரி என்று அவர் நினைவிலிருந்து சொன்னார். மனைவி தேடிப் பிடித்துக் கொடுத்த எண்களில் இருநூற்று மூன்று பேரிடம் அவரே போனில் பேசி, கண்ணாடியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். முப்பத்தெட்டு தவறாக இருந்தன. அவற்றை வேறு கடையில் கொடுத்துச் செய்து தந்தார். பதினொரு பேர் கிடைக்கவில்லை. அவர்களுக்காக, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இங்கே கண்ணாடி செய்துகொண்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறிடத்தில் அளந்துகொள்ள வேண்டும், பிழை கண்ணாடியைச் செய்தவனுடையது என்று மனைவியை எழுதவைத்து, கடைக் கதவில் தன் கையால் ஒட்டினார்.